நான்காம் மடிப்பின் சிவப்புத் துகள்

ஜப்பானிய மடிப்புத் திரையை ஒருவர் தனியாக விரிக்க முடியாது. ஆறு பலகைகளும் காகிதக் கீல்களால் இணைந்தவை. ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கத்துக் கீல் இழுபட்டுக் கிழியும். ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். அன்று மறு ஓரத்தைப் பிடித்தவர் எங்கள் அருங்காட்சியகத்தில் பெட்டி தூக்கவும் விளக்குப் பூட்டவும் இருந்தவர். முப்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். வயதுக்கு நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். முதல் நாளே மறுத்துவிட்டார்.

"மாமா எண்டால் பொம்பிளை தரவேணும். என்னட்டை இருக்கிறது ரெண்டும் பெடியள். அண்ணை எண்டே கூப்பிடு."

திரை விரிந்ததும் அண்ணை இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பொன் தகடு ஒட்டிய மேகங்கள். மேகங்களுக்கு நடுவே கூரையில்லாத ஓர் அரண்மனை. ஓவியன் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்ததுபோல, உள்ளே அறைகளும் பாய்களும் நிலம் தொடும் கூந்தலோடு பெண்களும். ஆயிரம் வருடப் பழமையான அரண்மனைக் கதையொன்றின் காட்சிகளை, முந்நூறு வருடங்களுக்கு முன் யாரோ தீட்டியிருந்தார்கள். முகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி.

இதில் யார் யார் என்று எப்படித் தெரியும் என்று அண்ணை கேட்டார். முகத்தை வைத்துத் தெரியாது என்றேன். கிளையில் கட்டிய கடிதம், மூங்கில் தட்டிக்குக் கீழே வெளியே தெரியும் சட்டைக் கையின் ஓரம், வேலியோரம் மழையில் நனையும் வண்டி: இவற்றைப் பார்த்ததும் கதையை வாசித்தவர்களுக்கு எந்த இடம் என்று விளங்கிவிடும். எங்கள் அகப்பாட்டுகளும் அப்படித்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படித்தது எனக்கு நினைவிருந்தது. அவற்றில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. பூவையும் மழையையும் பார்த்துத்தான் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும்.

"அப்ப கதை தெரியாதவன் வந்து பாத்தால்?"

"அதுக்குத்தான் நான் கீழை எழுதி வைக்கவேணும், அண்ணை."

"எழுது. ஆனால் பெரிய எழுத்தில எழுது. எனக்குக் கண்ணாடி மாத்த நேரமில்லை."

அந்த எழுத்துப் பலகை என் வேலையின் ஒரு பகுதி. மற்றப் பகுதி, கண்காட்சி தொடங்கும் முன் திரையின் ஒவ்வொரு கீறலையும் பதிவு செய்வது. ஆகஸ்டில் சேர்ந்திருந்தேன். முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம், இங்கே புரோபெற்சைட் என்பார்கள். ஒக்டோபர் முடிவில் என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று தீர்மானிப்பார்கள். என்னைப் பற்றி எழுதப்போகிறவர் எங்கள் பிரிவுத் தலைவர். பழைய காகிதத்தையும் வர்ணத்தையும் பழுதுபார்ப்பதில் வாழ்நாளைக் கழித்த சுவிஸ் பெண்மணி. அதிகம் கதைக்க மாட்டார். தலையை ஒருபக்கம் சாய்த்தாரென்றால் ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். நான் நாள் முழுவதும் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். இடம்பெயர்வுக்குப் பின்னால் பள்ளிக்கூடமும் இல்லை, கொப்பியும் இல்லை. இப்போது சூரிச்சில் ஓர் உணவகத்தில் சமையல். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். ஓர்லிகோனில் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. எங்கள் இரு பக்கத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்தவன் மருத்துவமோ வங்கியோ படித்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆராவ் நகரில் ஒரு கலியாண வீட்டில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் என்ன படித்தேன் என்று கேட்டார். கிழக்காசியக் கலை வரலாறு என்றேன். அவர் வடையைக் கடித்தபடி யோசித்தார்.

"அதுக்கு இஞ்சை ஆர் தம்பி வேலை தருவினம்? ஜப்பான்காரனோ?"

அப்பா முந்திக்கொண்டு, மகன் மியூசியத்தில் இருக்கிறான், அரசாங்க உத்தியோகம் மாதிரித்தான் என்றார். அது அரசாங்க உத்தியோகமும் இல்லை, நிரந்தரமும் இல்லை. நான் திருத்தவில்லை. எத்தனை விண்ணப்பங்கள் திரும்பி வந்த பிறகு இது கிடைத்தது என்று வீட்டில் சொல்லியிருக்கவும் இல்லை. இது போனால் அடுத்தது எங்கே என்று எனக்குத் தெரியாது. நாடு முழுவதும் இந்த வேலைக்கு நாலைந்து கதிரைகள்தான், அவற்றில் ஆட்கள் இருந்தார்கள்.

பதிவு செய்யும் முறை இதுதான். ஒவ்வொரு மடிப்பையும் பெரிதாகப் படமெடுத்து, அந்தப் படத்தின்மேல் கண்ணாடித் தாள் விரித்து, வெடிப்புக்கு ஒரு குறி, உரிவுக்கு ஒரு குறி, கறைக்கு ஒரு குறி என்று வரைய வேண்டும். பென்சில் மட்டும். மோதிரம், மணிக்கூடு, இடுப்புப்பட்டி எல்லாம் வெளியே. வாயை மூடி முகக்கவசம். சின்ன ரோச் லைற் ஒன்றைச் சரித்துப் பிடித்தால், ஒளி தகட்டின்மேல் படுத்து ஓடி, மேடு பள்ளங்களைக் காட்டும். அந்த ரோச்சை வேலையில் சேர்ந்த நாளே எனக்குத் தந்திருந்தார்கள். பென்சில் தடிப்பில் உலோகக் குழல், பிடி வழுக்காமலிருக்க அதில் நுண்ணிய வெட்டுகள். நான் அதைச் சட்டைப் பையில் வீட்டுக்கும் கொண்டுபோவேன். கொண்டுபோகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

சரஸ்வதி பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் அன்று அவரவர் தொழில் சாமான் சாமித் தட்டுக்கு ஏறும். அப்பாவின் வெட்டுக்கத்தி, அம்மாவின் கையுறைகள், என் புத்தகங்கள். அடுத்த நாள் விஜயதசமிக் காலை வரை தொடக்கூடாது. நான் குளித்துவிட்டு வந்தபோது அந்த ரோச்சும் தட்டில் இருந்தது. சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்து, பூவும் சொருகியிருந்தார் அம்மா.

"அம்மா, அது மியூசியத்துச் சாமான்."

"நீ தொழில் செய்யிறது அதாலைதானே? புத்தகம் வைச்சால் போதுமோ? இந்த மாசம் பெரிய மாசம், ராசா."

இந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று அம்மாவுக்கு நான் சொன்னதில்லை. என் முகத்தில் வாசித்திருப்பார். வேறு எதையும் அவரால் வாசிக்க முடியாது, அதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். நான் அதைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. உண்மையில், வைத்தது நல்லதுதான் என்று உள்ளுக்குள் ஒருவன் சொன்னான்.

திங்கள் காலை ரோச்சைத் தட்டிலிருந்து எடுத்தேன். கைக்குட்டையால் துடைத்தேன். அம்மா நெற்றியில் இட்ட பொட்டையும் திருநீற்றையும் வழக்கம்போல ரயில் நிலையக் கழிப்பறையில் கழுவினேன். கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தேன். நெற்றி சுத்தமாக இருந்தது. ரோச்சின் பிடியை மறுபடியும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பானியத் திரையை வலமிருந்து எண்ண வேண்டும். அன்று நான்காவது மடிப்பை இரண்டாம் முறை சரிபார்க்கும் நாள். அதில் ஒரு பெண் தட்டிக்குப் பின்னால் இருக்கிறாள். அவளைக் காணமுடியாது. தட்டிக்குக் கீழே சட்டைக் கையின் அடுக்குகள் மட்டும் வெளியே விரிந்து கிடக்கின்றன, மேல் அடுக்கு சாதிலிங்கக் கல்லை அரைத்துத் தீட்டிய சிவப்பு. அதற்கு ஒரு சாண் மேலே பொன் மேகம். வெள்ளிக்கிழமை அந்த மேகத்தைப் பார்த்து, குறையில்லை என்று எழுதியிருந்தேன். திங்கள் பத்து மணியளவில், தட்டியின் கோடுகளைச் சரிபார்த்துவிட்டு ரோச்சை மேலே கொண்டுபோனபோது, மேகத்தின்மேல் ஒரு சிவப்புத் துகள் இருந்தது.

கடுகில் கால்வாசி இருக்கும். ஒளி சரிந்து விழுந்ததால் அதற்கு ஒரு நிழலும் இருந்தது. நான் வெள்ளிக்கிழமைப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் வெறும் பொன். பிறகு ரோச்சைத் திருப்பிப் பார்த்தேன். பிடியின் வெட்டுகளுக்குள், மயிர் தடிப்பில், சிவப்பு. என் விரலிலும் சிவப்பு.

முதலில் செய்தது விரலைக் காற்சட்டையில் துடைத்தது. அடுத்ததாக அறைக் கதவைப் பார்த்தேன். தலைவர் மாடியில் கூட்டத்தில் இருந்தார். அண்ணை மூலையில் ஏணியின்மேல் விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடாமலே இறங்கி வந்தார். என்ன, பேயைக் கண்டனியோ என்றார். காட்டினேன். என்ன பொடி என்று சொன்னேன். அவர் பிடியையும் பார்த்தார், மேகத்தையும் பார்த்தார்.

"மெல்லமா ஊதிவிடு. போயிடும். ஆர் பாக்கப்போகினம்?"

ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பொன்னில் பட்டால் போகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டேன். அண்ணைக்கு என் முகத்தைப் பார்த்து வேறேதோ தோன்றியிருக்க வேண்டும், என் தோளைப் பிடித்து இழுத்து, சரி விடு, விடு, பிறகு அந்தச் சுவிஸ் மனுசிக்குச் சொல்லு, அவ உன்னைத் தின்னமாட்டா என்று சொல்லிவிட்டு ஏணிக்குப் போனார்.

நான் ஊதவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பக்கத்தில் 'தளர்ந்த துகள்' என்பதற்கான குறி. கீழே வெள்ளிக்கிழமைத் திகதியும் என் கையொப்பமும் முன்பே இருந்தன. ஒரு புள்ளி வைக்க ஒரு நொடிதான். முன்பிருந்தே அங்கே இருந்த துகள் அது, கண்டவன் நான், அவ்வளவுதான். படத்தில் இல்லையே என்று யாராவது கேட்டால், ஒளி வேறு என்று சொல்லலாம். அந்தப் பதிலையும் அப்போதே யோசித்து வைத்துவிட்டேன். இவ்வளவு வேகமாக இதெல்லாம் எனக்கு வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அன்று மாலை அம்மா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தார். பூசையில் வைத்தது இன்று எப்படி வேலை செய்தது என்று கேட்டார். நல்லாய் வேலை செய்தது என்றேன். சந்தோசமாய் இன்னொரு பிடி புட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைவர் என் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். நான்காவது மடிப்பில் நின்றார். தலை சாயவில்லை. என்னைக் கூப்பிட்டு, இதை நீங்கள் கண்டது நல்லது என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. எனக்குக் காது சூடானது.

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். அந்தத் துகள் சட்டைக் கையின் சிவப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் சாதிலிங்கம் உரியத் தொடங்கிவிட்டது. உரியும் திரையைக் காட்சிக்கு வைக்க முடியாது. திரையைக் கடன் தந்த நிறுவனத்தின் பிரதிநிதி வியாழன் வருகிறார். அதற்கு முன் சிவப்பு முழுவதற்கும் மெல்லிய பசை கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லையேல் திரையைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பசை என்றால் தூரிகை நுனியால், சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சிவப்பிலும். ஒருமுறை கொடுத்த பசையை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது. சிலவேளை வர்ணம் கறுக்கும். நாளைக் காலை தொடங்குவோம், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

திரும்பி வந்த ரயிலில் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்றேன். முந்நூறு வருடமாக அந்தச் சிவப்பு தன்பாட்டில் இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஓர்லிகோன் கடையில் வாங்கிய குங்குமத்துக்காக, என் ஒரு பென்சில் புள்ளிக்காக, நாளைக்கு அதில் பசை ஏறப்போகிறது. அதையும் நான் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறேன். சொன்னால் வேலை போகும். அப்பா அந்தக் கலியாண வீட்டு மனிதருக்கு என்ன சொல்லுவார்? சொல்லாவிட்டால் வேலை இருக்கும். இருக்கும் வேலையில், அந்தத் திரையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், சிவப்பு எங்கே கறுத்திருக்கிறது என்று நான் தேடுவேன். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு என் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன்.

புதன் காலை முதல் ரயிலில் போனேன். தலைவர் பசையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். சின்னக் கண்ணாடிக் கிண்ணம், அதற்குக் கீழே வெந்நீர். நான் கதவிலேயே நின்று சொல்லத் தொடங்கினேன். ஜெர்மனில் மூன்று வசனம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன், அவை வந்த வழியே போய்விட்டன. குங்குமம் என்பதற்கு என்ன சொல்வது? கோவில் பொடி என்றேன். சிவப்பு, நெற்றிக்கு இடுவது. அம்மா கருவிக்கு இட்டார், வருடத்தில் ஒருநாள் கருவிகளுக்கு மரியாதை செய்வோம் என்றேன். ரோச்சை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அதன்மேல் வைக்கச் சொன்னார்.

பசைக் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். பிறகு ஒரு தூரிகையின் நுனியால் மேகத்திலிருந்து அந்தத் துகளைத் தொட்டு எடுத்தார். அவ்வளவு எளிதாக வந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியின் கீழே தள்ளி, ஒரு துளி நீர் விட்டார். சாதிலிங்கம் கல், தண்ணீரில் கரையாது, அப்படியே கிடக்கும் என்றார். நீங்களே பாருங்கள் என்று நகர்ந்தார். நான் குனிந்து பார்த்தேன். துகளைச் சுற்றி மெல்ல மெல்ல ஓர் இளஞ்சிவப்பு விரிந்தது. எனக்கு அழுகை வந்தது. சிவப்பு உரியவில்லை என்ற சந்தோசமா, இனித் தப்ப வழியில்லை என்ற பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் அவர் கேட்டார். திங்கட்கிழமை விழுந்த பொடி வெள்ளிக்கிழமைத் தாளில் எப்படி வந்தது?

அதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கதவில் நின்று சொன்னதில் அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். சொல்ல மறந்தேன் என்று எழுதினால் பொய்.

"நான்தான் வைத்தேன். திங்கட்கிழமை."

அவர் தலை சாய்ந்தது. பொடி விழுந்தது பெரிய விஷயமில்லை, இங்கே எல்லோருக்கும் ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது என்றார். தனக்கு ஒருமுறை தும்மல் வந்திருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. ஆனால் இந்தத் தாள்களைத்தான் நூறு வருடம் கழித்து வருகிறவர் நம்பப்போகிறார், அவர் உங்களையும் என்னையும் பார்க்க மாட்டார், தாளை மட்டும்தான் பார்ப்பார் என்றார். பிறகு, கண்காட்சி திறக்கும் வரை நான் திரையைத் தொடக்கூடாது என்றும், வியாழன் வருகிறவருக்கு அந்தத் தாளை நானே விளக்க வேண்டும் என்றும் சொன்னார். புள்ளியை அழிக்க விடவில்லை. அதன் பக்கத்தில் நடந்ததை உண்மைத் திகதியோடு எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று வரிகள். அதற்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது.

மதியம் அண்ணை சாப்பாட்டு அறையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். சோற்றுப் பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை என் பக்கம் தள்ளினார்.

"நான் ஊதச் சொன்னனான் எண்டதையும் சொன்னியோ?"

"இல்லை, அண்ணை."

"சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் நாலு வருசம்தான் பென்சனுக்கு, என்னை என்ன செய்வினம்?" பிறகு முட்டையைக் காட்டி, சாப்பிடு, பூசையில் வைக்கேல்லை என்றார்.

வியாழக்கிழமை வந்தவர் உயரமான, மெல்லிய மனிதர். நான் தாளைக் காட்டி விளக்கும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் அந்த மூன்று வரிகளையும் படமெடுத்துக்கொண்டார். திரை காட்சிக்குப் போகலாம் என்று கையொப்பமிட்டார். அண்ணையும் தலைவரும் திரையைத் தூக்கி மண்டபத்தில் வைத்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை, தட்டிக்குப் பின்னாலிருக்கும் பெண்ணிலிருந்து தொடங்கி அம்மாவுக்குச் சொன்னேன். குங்குமத்தை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று படிக்கட்டில் யோசித்தேன், முடியவில்லை. அம்மா கையிலிருந்த துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தத் தட்டிக்குப் பின்னாலை இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லையோ?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். சரி என்றார். அதற்குப் பிறகு அன்றிரவு முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. தன்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தார் என்று அப்பா பிறகு சொன்னார்.

ஒக்டோபர் கடைசி வாரம் கடிதம் வந்தது. மூன்று பேரும் சமையலறை மேசையில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை ஒன்பது வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்லி வருகிறேன். விசா அலுவலகம், வீட்டுச் சொந்தக்காரர், காப்புறுதி, எல்லாம். அவற்றில் கடுமையான வசனம் வந்தால் நான் மெதுவாக்கிச் சொல்வேன். 'இறுதி எச்சரிக்கை' என்று இருந்தால் 'கொஞ்சம் கெதியாய்க் காசு அனுப்பட்டாம்' என்பேன். அப்பா அம்மாவின் முகம் கலங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதை நான் பொய் என்று நினைத்ததில்லை. மொழிபெயர்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

உறையைக் கிழித்தேன். முதலில் மனதுக்குள் வாசித்தேன். நிரந்தரமாக எடுக்கவில்லை. கண்காட்சி முடியும் பெப்ரவரி மாதம் வரை ஓர் ஒப்பந்தம். நான் எழுதிய விளக்கப் பலகைகள் தெளிவாக இருக்கின்றன என்று ஒரு வரி. பதிவுத் தாள் ஒன்றில் பின்னர் சேர்த்த குறியைப் பற்றி ஒரு வரி. பொடி விழுந்ததைத் தானாக வந்து சொன்னார் என்று இன்னொரு வரி. பெப்ரவரிக்குப் பிறகு என்ன என்று அதில் இல்லை.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நீடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது பொய்யும் இல்லை. நீடித்துத்தான் இருந்தது. அவர் அடுத்த நாளே உணவகத்தில் எல்லோருக்கும் சொல்லியிருப்பார்.

நான் முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு வசனமாக, இருந்தபடியே சொன்னேன். குறியைப் பற்றிய வரியையும் மெதுவாக்காமல் சொன்னேன். அம்மா எழும்பி அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"பெப்ரவரிக்குப் பிறகு?" என்று அப்பா கேட்டார்.

"தெரியாது, அப்பா. போட்டிருக்கேல்லை."

அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு திருப்பித் தந்து, அந்தக் குறியைப் பற்றிச் சொன்ன வசனத்தை இன்னொருக்கால் வாசி என்றார். இந்தமுறை என் தமிழ் வேண்டாம், இருக்கிறபடி ஜெர்மனிலேயே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.